'டிப்ஸ் தனி': வெளிநாட்டுப் பள்ளிச் சுற்றுலாவில் அந்த ஒற்றை வரிக்கு என்ன பொருள்?

பள்ளியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு வரும் சுற்றறிக்கையில் விமானக் கட்டணம், விசா, ஹோட்டல், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் 'உட்பட' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், 'சேராதவை' என்று ஒரு பட்டியல். அதில் ஒரு வரி: கைடு, ஓட்டுநர் டிப்ஸ், ஒரு நாளைக்குத் தலைக்கு இத்தனை டாலர், ரொக்கமாக.

பெற்றோர் குழம்புவது இங்கேதான். டிப்ஸ் என்பது மனம் விரும்பிக் கொடுப்பது. அதற்கு எப்படி முன்கூட்டியே தொகை நிர்ணயிக்கிறார்கள்? கட்டாயம் என்றால் கட்டணத்திலேயே சேர்த்துவிட வேண்டியதுதானே? கொடுக்காவிட்டால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களா?

இதையெல்லாம் நாகரிகம், மரியாதை பற்றிய கேள்விகளாக எடுத்துக்கொண்டால் பதில் கிடைக்காது. அந்த ஊழியருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நாட்டுக்கு நாடு டிப்ஸ் பழக்கம் மாறுவதில் பெரும்பகுதி அதிலிருந்து விளங்கிவிடும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

நம் ஊரில் வாடகைக் கார் எடுத்தால் பில்லில் 'டிரைவர் பேட்டா' என்று ஒரு வரி வரும். அது பேசி முடித்த தொகை. பயணம் முடிந்ததும் "டீ செலவுக்கு வச்சுக்கோங்க" என்று கையில் கொடுக்கிறோமே, அது வேறு. வெளிநாட்டுச் சுற்றுலாவில் 'டிப்ஸ்' என்ற ஒரே பெயரில் இந்த இரண்டும் கலந்து வருகின்றன. பாதிக் குழப்பம் அதனால்தான்.

1. டிப்ஸ்: வாடிக்கையாளர் தானே முடிவு செய்து ஊழியருக்குக் கொடுப்பது. பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'பூர்புவார்'. 'குடிப்பதற்கு' என்று பொருள். ஜெர்மனில் 'டிரிங்க்கெல்ட்', அதாவது குடிக்கிற காசு. நம்முடைய 'டீ செலவு' அங்கேயும் அதே செலவுதான், பானம் மட்டும் வேறு.

2. சர்வீஸ் சார்ஜ்: உணவகமோ ஹோட்டலோ தானாகவே பில்லில் சேர்க்கும் சதவீதம். இது முதலில் நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறது. ஊழியருக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் நிறுவனத்தையும் பொறுத்தது. இந்தியாவில் இதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஆகவே நம் ஊரில் "இதை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லலாம். அந்தப் பழக்கத்தை அப்படியே சிங்கப்பூருக்கு எடுத்துப் போக முடியாது.

3. இருக்கைக் கட்டணம்: இத்தாலியில் 'கொப்பெர்த்தோ' என்பார்கள். மேஜையில் உட்கார்ந்ததற்கும் ரொட்டிக்கும் சேர்த்துத் தலைக்கு ஒன்றிலிருந்து மூன்று யூரோ வரை. இது டிப்ஸும் இல்லை, வரியும் இல்லை.

4. குழு டிப்ஸ்: சுற்றறிக்கையில் வரும் 'ஒரு நாளைக்குத் தலைக்கு இத்தனை' என்பது இதுதான். பெயர் டிப்ஸ் என்றாலும் குணம் பேட்டாவுக்கு நெருக்கம். இதைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

அமெரிக்கா: 2 டாலர் 13 சென்ட்டின் கதை

விண்வெளி மையம் பார்க்க என்று நம் பள்ளிகள் கூட்டிப்போகும் நாடு அமெரிக்கா. டிப்ஸ் விஷயத்தில் மற்ற நாடுகளிலிருந்து தனித்து நிற்பதும் அதுதான்.

அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009இலிருந்து இது மாறவில்லை. ஆனால் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டியது 2.13 டாலர் மட்டும். இது 1991இலிருந்து மாறவில்லை. இடையில் உள்ள 5.12 டாலரை வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் நிரப்பும் என்பது கணக்கு. டிப்ஸ் அந்த அளவுக்கு வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆக, சாப்பிட வருகிறவர் கொடுக்கும் டிப்ஸ், பரிமாறுகிறவரின் சம்பளத்தில் ஒரு பங்கு. 15 முதல் 20 சதவீதம் என்று ஒரு 'விகிதம்' அங்கே நிலைத்துப்போனதற்கும், கொடுக்காமல் எழுந்து போனால் அதைச் சின்ன விஷயமாக அவர்கள் எடுத்துக்கொள்ளாததற்கும் காரணம் இதுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு புல்மன் ரயில் பெட்டி நிறுவனம், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர்களைப் பெட்டிப் பணியாளர்களாகச் சேர்த்தது. சம்பளம் மிகக் குறைவு, மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவர்கள் 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. டிப்ஸுக்கு எதிரான குரலும் அமெரிக்காவில் பலமாகவே இருந்தது. 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடை செய்து சட்டமே போட்டது. இன்னும் சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1926க்குள் எல்லாச் சட்டங்களும் போய்விட்டன. 1938இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உணவக, ஹோட்டல் ஊழியர்களைப் பெரும்பாலும் வெளியே விட்டிருந்தது. 1966இல் அவர்களைச் சேர்த்தபோது, டிப்ஸையும் கூலியில் ஒரு பகுதியாகக் கணக்கிடலாம் என்ற சலுகையை முதலாளிகளுக்குத் தந்தார்கள். இன்றைய 2.13க்கு வேர் அங்கே.

மாநிலங்கள் இதைவிட அதிகம் கொடுக்கச் சொல்லலாம். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது. விண்வெளி மையம் இருக்கும் ஃபுளோரிடா நடுவில் நிற்கிறது: அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியரின் கூலி, மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியைவிட 3.02 டாலர் குறைவு. 2025 செப்டம்பர் கடைசியில் மாநிலக் கூலி 14 டாலர் ஆனபோது இவர்களுக்கு 10.98 ஆனது.

அப்படியானால் முழுக் கூலி தரும் கலிஃபோர்னியாவில் டிப்ஸ் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. அங்கேயும் அதே 18, 20 சதவீதம்தான் எதிர்பார்க்கிறார்கள். பழக்கம் ஒருமுறை ஊன்றிவிட்டால் அது தோன்றிய காரணம் போன பிறகும் நிற்கும் போலிருக்கிறது.

கூட்டமாகச் சாப்பிடப் போனால்

அமெரிக்காவில் பள்ளிக் குழுக்கள் பணம் இழக்கும் இடம் ஒன்று உண்டு. ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்தால் பல உணவகங்கள் 18 சதவீதமோ 20 சதவீதமோ தாமாகவே சேர்த்துவிடும். வரித்துறையின் பார்வையில் இது டிப்ஸ் இல்லை, சர்வீஸ் சார்ஜ். 2014 தொடக்கத்திலிருந்து அப்படித்தான் கணக்கு வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் அந்த பில்லின் அடியிலும் 'டிப்ஸ்' என்று ஒரு காலிக் கோடு இருக்கும்.

ஆர்லாண்டோவில் இருபது மாணவர்கள் சாப்பிட்டு பில் 400 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை வரி 6.5 சதவீதம், அதாவது 26 டாலர். தானாகச் சேர்ந்த 18 சதவீதம் 72 டாலர். மொத்தம் 498. பில்லை முழுக்கப் படிக்காத ஆசிரியர், "அமெரிக்காவில் 20 சதவீதம் கொடுக்கணுமாமே" என்று காலிக் கோட்டில் 80 எழுதிவிட்டால், ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு டிப்ஸ். யாரும் தடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, காபிக் கடை, பர்கர் கடைகளின் தொடுதிரை. கல்லாவில் கார்டைத் தேய்த்ததும் 18, 20, 25 என்று மூன்று பொத்தான் காட்டும். பின்னால் வரிசை நிற்கும். பதினைந்து வயதுப் பிள்ளை பயந்துபோய் நடுப் பொத்தானை அழுத்திவிடும். மேஜைக்கு வந்து பரிமாறாத இடத்தில் டிப்ஸ் எதிர்பார்ப்பு மிகக் குறைவு. 'வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்துவதில் தவறே இல்லை. இதை விமானம் ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவது நல்லது.

கொடுக்கவே கூடாத இடங்களும் உண்டு. தேசியப் பூங்காக்களில் விளக்கம் சொல்லும் ரேஞ்சர்கள் கூட்டாட்சி அரசு ஊழியர்கள். அவர்கள் ரொக்கம் வாங்கக் கூடாது. அன்பாகத்தான் நீட்டுகிறோம் என்றாலும் அவர்களைத்தான் சங்கடத்தில் மாட்டிவிடுகிறோம்.

ஐரோப்பா: விலைக்குள்ளேயே

பிரான்சில் 1987இலிருந்து, உணவகம் காட்டும் விலையில் வரியும் பரிமாறும் கட்டணமும் அடக்கமாக இருக்க வேண்டும். மேலே ஏதாவது வைப்பது முழுக்க நம் விருப்பம். மேஜையில் ஒன்றிரண்டு யூரோ நாணயம் விட்டு வருவதோடு சரி. சுவிட்சர்லாந்தில் 1974இலிருந்தே சேவைக் கட்டணம் விலைக்குள் போய்விட்டது. ஜெர்மனியில் முழுத் தொகையாக்கிக் கொடுப்பது வழக்கம். பில் 27.40 யூரோ என்றால், காசு கொடுக்கும்போதே "முப்பது" என்று வாயால் சொல்லிவிட வேண்டும். மேஜையில் விட்டுவிட்டு நடப்பது அவர்கள் பாணி இல்லை.

இத்தாலியில் குழுவுக்கு அடி கொடுப்பது டிப்ஸ் இல்லை, மேலே சொன்ன கொப்பெர்த்தோ. தலைக்கு இரண்டு யூரோ என்றாலும் 44 பேருக்கு 88 யூரோ. ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்தது. அங்கே ரொட்டிக்கு என்று தனியாக வாங்குகிறார்கள். பெயர் மாறினாலும் கை நீள்கிறது!

பிரிட்டனில் 12.5 சதவீதம் 'விருப்பத்துக்குட்பட்டது' என்ற அடைமொழியோடு பில்லில் வரும். அடைமொழி நிஜமானது, எடுக்கச் சொன்னால் எடுப்பார்கள். 2024 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டப்படி, டிப்ஸையும் சர்வீஸ் சார்ஜையும் முதலாளி பிடித்துக்கொள்ளாமல் ஊழியர்களுக்கே பகிர்ந்து தர வேண்டும்.

சிங்கப்பூர், ஜப்பான்: கேட்காத ஊர்கள்

சிங்கப்பூர் உணவக மெனுக்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். முதல் குறி 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், இரண்டாவது ஜிஎஸ்டி. 2024 ஜனவரியிலிருந்து ஜிஎஸ்டி 9 சதவீதம். கவனிக்க வேண்டியது, சர்வீஸ் சார்ஜ் மீதும் ஜிஎஸ்டி உண்டு. 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முதலில் 110 ஆகி, அப்புறம் 119.90 ஆகும். அதோடு சரி, தனி டிப்ஸ் பழக்கம் அங்கே இல்லை. பல சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஹாக்கர் சென்டரில் இந்த 10 சதவீதமும் கிடையாது. குழுவுக்குச் சாப்பாட்டுச் செலவைக் குறைக்க நினைக்கும் பள்ளிகளுக்கு அது ஒரு நல்ல காரணம்.

ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே. நல்ல சேவை விலையில் அடங்கியது, அதற்குத் தனிக் காசு எதற்கு என்பது அவர்கள் எண்ணம். மேஜையில் விட்டு வந்த சில்லறையை, மறந்துவிட்டீர்கள் என்று ஊழியர் தெருவரை எடுத்து வந்து கொடுப்பது அங்கே நடக்கும். பாரம்பரிய விடுதிகளில் 'கொக்கொரோஸுகே' என்று ஒரு வழக்கம் இருக்கிறது, சிறு தொகையை உறையில் இட்டுப் பணிவாகத் தருவது. பள்ளிக் குழு அந்த வழக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வெறும் நோட்டைக் கையில் திணிப்பதைத் தவிர்த்தால் போதும். ஊரிலிருந்து எடுத்துப்போன சிறு பரிசும் மாணவர்கள் கையெழுத்திட்ட நன்றி அட்டையும் அங்கே மதிக்கப்படும்.

பஸ்ஸும் கைடும்: சுற்றறிக்கையின் உண்மையான கணக்கு

உணவக டிப்ஸ் பெரும்பாலும் குழுச் சாப்பாட்டு ஒப்பந்தத்திலேயே முடிந்துவிடுகிறது. பெற்றோர் தனியாகக் கட்டுவது கைடுக்கும் பஸ் ஓட்டுநருக்கும்தான். டிப்ஸ் பழக்கமே இல்லாத நாட்டிலும் இந்த வரி எப்படி வருகிறது?

1. நாட்டின் வழக்கம் வேறு, சுற்றுலாத் தொழிலின் வழக்கம் வேறு. பல நாட்டுப் பயணிகளிடம் பழகிய கைடுகளும் ஓட்டுநர்களும் தமக்கென்று ஒரு எதிர்பார்ப்பை வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் ஓட்டலில் டிப்ஸ் கேட்க மாட்டார்கள். அதே ஊர் சுற்றுலா பஸ்ஸில் எதிர்பார்ப்பு இருக்கலாம்.

2. டிப்ஸைக் கட்டணத்துக்கு வெளியே வைத்தால் விளம்பரத்தில் விலை குறைவாகத் தெரியும். தலைக்கு 40 டாலர் என்பது இரண்டு டிராவல்ஸ்களை ஒப்பிடும் பள்ளிக்குக் கண்ணில் படும் வித்தியாசம்.

3. ரொக்கமாகக் கைக்குக் கை போவதால், யாருக்கு எவ்வளவு போனது என்ற பதிவு டிராவல்ஸின் கணக்கில் இருப்பதில்லை.

4. கடைசியாக, அதிகம் கவனிக்கப்படாதது: 'தலைக்கு இத்தனை' என்ற முறையே சின்னக் குழுக்களுக்குப் பொருந்தக்கூடியது, அதைப் பெரிய பள்ளிக் குழுவுக்கும் அப்படியே போட்டுவிடுகிறார்கள்.

நான்காவதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 40 மாணவர்கள், 4 ஆசிரியர்கள், 8 நாள். கைடுக்கு நாளுக்கு 3 டாலர், ஓட்டுநருக்கு 2 டாலர் என்று சுற்றறிக்கை சொல்வதாக வைத்துக்கொள்வோம். தலைக்கு மொத்தம் 40 டாலர், பெரிதாகத் தெரியாது. ஆனால் குழுவாகச் சேர்த்தால் 1,760 டாலர், ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய். கைடு ஒருவருக்கு ஒரே நாளில் 132 டாலர், ஓட்டுநருக்கு 88.

பன்னிரண்டு பெரியவர்கள் போகும் குழுவில் இதே விகிதத்தில் கைடுக்கு 36 டாலர்தான் கிடைத்திருக்கும். 44 பேரை மேய்ப்பது கூடுதல் வேலைதான், மறுக்கவில்லை. பிள்ளைகள் பஸ்ஸில் சிந்துவதைத் துடைப்பதும் ஓட்டுநர்தான். ஆனால் வேலை நான்கு மடங்காகவில்லை. அதுவும் பெரியவர்கள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்கும் விகிதத்தைப் பிள்ளைகளின் தலைக்கு அப்படியே போடுவது நியாயமாகப் படவில்லை. பள்ளி கேட்க வேண்டியது தலைக் கணக்கு இல்லை, ஒரு பஸ்ஸுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்ற கணக்கு. பேசினால் இறங்கிவரும் இடம் இது.

ஒப்பந்தம் போடும் முன் கேட்க வேண்டியவை

1. இந்தத் தொகை கட்டாயமா, விருப்பமா? கட்டாயம் என்றால் அதைக் கட்டணத்தில் சேர்த்து ரசீது தர முடியுமா?

2. யார் யாருக்கு? உள்ளூர் கைடு, ஓட்டுநர், நம் ஊரிலிருந்து கூடவே வரும் டூர் மேனேஜர், மூவரும் வேறு வேறு ஆட்கள். மூன்றாமவர் டிராவல்ஸின் சம்பளக்காரர். அவருக்குப் பிள்ளைகளிடம் டிப்ஸ் வசூலிப்பது பற்றிப் பள்ளி தயங்காமல் கேட்கலாம்.

3. ஓட்டுநர் பாதியில் மாறினால்? ஐரோப்பாவில் ஓட்டுநரின் வேலை நேரத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு கடுமை: நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு, சாதாரணமாக நாளுக்கு ஒன்பது மணி நேரமே ஓட்டலாம். நீண்ட பயணத்தில் ஆள் மாறுவது சகஜம். மொத்தத்தையும் கடைசி நாளில் இருப்பவரிடம் கொடுத்தால் முதல் நான்கு நாள் ஓட்டியவருக்கு ஒன்றுமில்லை.

4. சேவை மோசமாக இருந்தால் குறைக்கும் உரிமை யாருக்கு? உடன் போகும் மூத்த ஆசிரியருக்கு என்று எழுத்தில் இருக்கட்டும்.

பணத்தைக் கையாள்வது

பிள்ளைகள் தனித்தனியாக டிப்ஸ் கொடுக்கும்படி விடக் கூடாது. ஒருவன் இருபது டாலர் நீட்டுவான், பக்கத்தில் இருப்பவனிடம் இரண்டுதான் இருக்கும். அது அந்த இடத்திலேயே ஒரு காட்சியாகிவிடும். பள்ளி முன்கூட்டியே சமமாக வசூலித்து, ஒரு ஆசிரியர் உறையில் வைத்துக் கொடுத்து, வாங்கியவரின் கையெழுத்தை ஒரு தாளில் வாங்கிக்கொள்வது எளிது.

இந்தியாவிலிருந்து கிளம்புகிறவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்குத்தான் வெளிநாட்டு நோட்டுகளாக எடுத்துப்போகலாம். ஆகவே பெரிய குழுவின் டிப்ஸ் பணத்தை ஒரே ஆசிரியர் பையில் போடாமல் இரண்டு மூன்று பேராகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பணம் மாற்றும் கடையில் சும்மா கேட்டால் நூறு டாலர் நோட்டாக எண்ணிக் கொடுப்பார்கள். ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகள் வேண்டும் என்று நான்கைந்து நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

இந்தச் சின்ன நோட்டுகள் தேவைப்படுவது ஹோட்டல் அறையில். அமெரிக்காவில் அறையைச் சுத்தம் செய்கிறவருக்கு ஓர் இரவுக்கு இரண்டிலிருந்து ஐந்து டாலர் வரை மேஜையில் விட்டு வருவது வழக்கம். எல்லாரும் மறந்துபோகும் டிப்ஸும் அதுதான். நான்கு பிள்ளைகள் தங்கிய அறையைச் சுத்தம் செய்வது எப்படிப்பட்ட வேலை என்பது பெற்றோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறையை விடும் நாளில் மொத்தமாக வைப்பதைவிடத் தினமும் காலையில் வைப்பது சரி, நாளைக்கு வருபவர் வேறொருவராக இருக்கலாம். பக்கத்தில் 'நன்றி' என்று எழுதிய துண்டுச் சீட்டு இருக்கட்டும், இல்லாவிட்டால் யாரோ மறந்துவிட்டுப் போன பணம் என்று தொடாமல் விட்டுவிடுவார்கள்.

கடைசி நாளில் பைகளின் அடியில் சில்லறை சேர்ந்திருக்கும். ஊர் திரும்பினால் நம் பணம் மாற்றும் கடைகளில் நாணயங்களை வாங்குவதில்லை. அதற்காக அள்ளி எடுத்து அமெரிக்க ஓட்டுநர் கையில் கொட்டிவிடக் கூடாது, சென்ட்டுகளை டிப்ஸாகத் தருவதை அங்கே அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். ஒன்று, இரண்டு யூரோ நாணயம் என்றால் பாரிஸ் உணவகத்தில் தாராளமாக வைக்கலாம். சென்ட்டுகளை விமான நிலையத்தில் இருக்கும் நன்கொடைப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம்.